நொய்யல் கரையில் கொடுமணல்: ஓர் ஊர், ஓர் அணை, ஒரு வழக்கு

சென்னிமலையிலிருந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டர் அளவில், நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். ஈரோடு மாவட்டத்தின் சின்ன ஊர்களில் ஒன்று. கொஞ்சம் வீடுகள், சுற்றிலும் தோட்டம், தோட்டத்தைத் தாண்டினால் கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம். வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் சொன்னாலே தெரியும். இங்கிருந்து கிழக்கே, ஆற்றோடு சில கிலோமீட்டர் இறங்கினால் ஒரத்துப்பாளையம் அணை. அந்தப் பெயரை நொய்யல் விவசாயிகள் யாரும் மறக்க மாட்டார்கள்.

கொடுமணலைப் பற்றித் தொல்லியல்காரர்கள் எழுதுகிறார்கள், ஒரத்துப்பாளையத்தைப் பற்றிச் சூழலியல்காரர்கள் எழுதுகிறார்கள். இரண்டும் இரண்டு அலமாரிகளில் கிடக்கின்றன. ஒரே ஆற்றின் ஒரே கரைதான் இது. இரண்டு காலத்திலும் இந்த ஆற்றங்கரையில் நடந்தது, எங்கோ இருக்கும் வாங்குவோருக்காகப் பொருள் செய்யும் வேலைதான். பொருள் வெளியூர் போய்விடும். செய்த இடத்தில் எது தங்கியது, அதைச் சுமந்தவர் யார் என்று கேட்டால் இரண்டு கதையும் ஒரே கதையாகிவிடுகிறது. அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆறும் காடும்

வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து, நொய்யல் என்ற பெயரே கொண்ட ஊருக்கருகில் காவிரியில் சேர்கிறது இந்த ஆறு. பழைய பெயர் காஞ்சிமாநதி. மலையடிவாரத்தில் நல்ல மழை உண்டு. கிழக்கே வர வர வானம் வறண்டுவிடும். காங்கேயம், சென்னிமலைப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் அறுநூறு மில்லிமீட்டர் பெய்தாலே பெரிது. ஆகவே கோவைப் பக்கம் பழங்காலத்திலேயே ஆற்றை மறித்து இருபதுக்கும் மேற்பட்ட அணைக்கட்டுகளும் குளங்களும் சங்கிலிபோல் அமைந்தன. ஒரு குளம் நிரம்பினால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும். கடைமடையில் இருந்தவர்கள் கிணற்றையும் கொறங்காட்டையும் நம்பினார்கள். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் வளர்ந்த மேய்ச்சல் காடு அது. காங்கேயம் மாடு என்று உலகம் அறிந்த இனம் இந்தக் காட்டில் மேய்ந்து உருவானது.

கொடுமணலுக்கு இன்னொரு வசதி இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான். மேலைக் கடற்கரையின் முசிறியிலிருந்து சேரர் தலைநகரான கரூருக்கு வரும் பெருவழி அந்தக் கணவாய் வழியாக நுழைந்து நொய்யலை ஒட்டியே போனது. வெள்ளலூர், கத்தாங்கண்ணி என்று இதே ஆற்றுப்பக்கத்து ஊர்களில் உரோமானிய வெள்ளிக்காசுகள் புதையலாகக் கிடைத்தது இதனால்தான். கணவாயைத் தாண்டி வந்த வணிகர் கரூர் சேருமுன் கடக்கும் வழியில் கொடுமணல் இருந்தது.

மூலப்பொருளும் பக்கத்திலேயே. படியூரில் பச்சைக்கல். சிவன்மலை, பெருமாள்மலைப் பக்கம் நீலக்கல். வெங்கமேட்டில் பளிங்கு (குவார்ட்ஸ் படிகம்). சென்னிமலைப் பக்கம் இரும்புத்தாது. மழை குறைந்த பூமிக்கு மண்ணுக்கடியில் இவ்வளவு செல்வம்.

பட்டறைகள் இருந்த மேடு

பதிற்றுப்பத்தில் இரண்டு இடங்களில் இந்த ஊர் வருகிறது. 67ஆம் பாட்டில் கபிலர் பாடுகிறார். 74ஆம் பாட்டில் அரிசில்கிழார் “கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்” என்கிறார். வேலைப்பாட்டில் சிறந்த அணிகலனுக்குப் பேர்போன ஊர் என்று பொருள். பாட்டில் வந்த கொடுமணம் இந்தக் கொடுமணல்தானா என்பதை மண்வெட்டிதான் தீர்த்துவைத்தது.

1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோர் முன்னின்ற பணி 1986, 1989, 1990 என்று தொடர்ந்தது. 1990களின் பிற்பகுதியில் மாநிலத் தொல்லியல் துறை, 2012, 2013இல் ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகம், பிறகு 2020, 2021இல் மறுபடியும் மாநிலத் தொல்லியல் துறை. நாற்பதாண்டுக்குள் இத்தனை முறை தோண்டப்பட்ட சிற்றூர் தமிழ்நாட்டில் அதிகமில்லை.

ஊர் இருந்த மேடு ஏறத்தாழ ஐம்பது ஏக்கர். அதையொட்டி இடுகாடு நூறு ஏக்கர். வாழ்ந்த இடத்தைப்போல் இருமடங்கு இடம் செத்தவர்களுக்கு. கல்வட்டங்கள், பலகைக்கற்களை நிறுத்தி உள்ளே அறை செய்த கல்பதுக்கைகள், முதுமக்கள் தாழிகள், ஆள் உயரத்தைத் தாண்டும் நெடுங்கல்கள். பதுக்கையின் பலகைக்கல்லில் வட்டமாக இடுதுளை வெட்டியிருப்பார்கள். ஒரு கல்லறையில் மட்டும் சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லில் செய்த மணிகள் 2,220 கிடைத்தன. இன்னொன்றில் சூதுபவளமும் நீலக்கல்லும் பதித்த வெண்கலப் புலி ஒன்று. சூதுபவளக் கல் இந்தப் பக்கத்தில் கிடையாது. குஜராத்திலிருந்து வந்திருக்க வேண்டும். வெளியூர்க் கல்லை வரவழைத்து, இங்கே வேலை செய்து, மறுபடி வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

முழு மணியைவிட முக்கியமான சான்று அரைகுறை மணிதான் என்று எனக்குப் படுகிறது. முழு மணி எங்கிருந்தும் வந்திருக்கலாம். கொடுமணல் மேட்டில் கிடைத்தவற்றில் உடைத்துப்போட்ட கட்டி இருக்கிறது, விளிம்பு தட்டிச் செதுக்கிய துண்டு இருக்கிறது, வழவழப்பாக்கியும் துளை போடாத மணி இருக்கிறது, துளை போடும்போது பாதியில் பிளந்து எறியப்பட்டதும் இருக்கிறது. பளிங்கும் பச்சைக்கல்லும் கடினமான கற்கள். அவற்றைவிடக் கடினமான முனையால்தான் துளைபோட முடியும், அதுவும் இரு பக்கத்திலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைத்து. கை ஒரு நூலிழை பிசகினால் அத்தனை நாள் வேலையும் போச்சு. பிளந்துபோன அந்த மணிகளைப் பார்க்கும்போது பட்டறையில் உட்கார்ந்திருந்தவரின் எரிச்சல்கூடத் தெரிகிறது.

இரும்பும் அப்படித்தான். நடுவில் பெரிய உலை, அதைச் சுற்றிச் சின்ன உலைகள், அவற்றில் ஒன்றில் வைத்தபடியே இருந்த மூசை, அதாவது உலோகம் உருக்கும் மண்கலம். இரும்பை உருக்கி எடுப்பதோடு நிற்காமல், மூடிய மூசைக்குள் கரி சேர்த்து எஃகாக்கும் நுட்பம் இங்கே இருந்ததற்கு இதுவே அடையாளம். இரும்புக் கசடு இன்றும் தோட்டத்து மண்ணில் கிடக்கிறது. நூல் நூற்ற தக்களிகள், சங்கு அறுத்த வளையல் துண்டுகள் தனி.

இதற்கெல்லாம் மேலே எழுத்து. ஐந்நூறுக்கும் மேற்பட்ட மட்பாண்ட ஓடுகளில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துகள். கண்ணன் ஆதன், பண்ணன் என்று தமிழ்ப் பெயர்கள். விஸாகீ, ஸம்பன் ஸுமணன் என்று வடக்கிலிருந்து வந்த சாயலோடு சில. வணிகக் குழுவைக் குறிக்கும் ‘நிகம’ என்ற சொல்லும் ஓர் ஓட்டில். அரண்மனைப் பண்டமெல்லாம் இல்லை இவை, சமையல் சட்டி, சோற்றுக் கலம். தன் சட்டியில் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். இந்த அடுக்குகளிலிருந்து எடுத்த மாதிரிகளின் கரிமக் கணிப்பு கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுவரை போகிறது. கைத்தொழில் செய்பவர் வாழ்ந்த ஆற்றங்கரை ஊரில் எழுத்து சாதாரணப் புழக்கத்தில் இருந்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. மன்னர் கல்வெட்டைத்தான் வரலாறு என்று எண்ணிப் பழகிய நமக்கு, கொடுமணலின் உண்மையான கொடை இந்த ஓடுகள்தான்.

பிறகு கடல்வணிகம் தளர்ந்தது, பட்டறைகள் அணைந்தன, மேடு காலியானது. அடுத்த ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் இது உழவும் மேய்ச்சலுமாக இருந்த பூமி. கல்வட்டத்துக் கற்களை வேலிக்கும் வரப்புக்கும் எடுத்துப்போனார்கள், சில இடங்களில் உழுது சமன்செய்தார்கள். அதைப் பெரிய குற்றமாக நான் சொல்லமாட்டேன், அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அணை வந்த கதை

நொய்யலில் மழைக்காலத்தில் மட்டும் வெள்ளம் வரும், சில நாளில் காவிரிக்கு ஓடிவிடும். அதைத் தேக்கிக் கடைமடைக்குக் கொடுக்கலாம் என்பது பழைய கோரிக்கை. 16.46 கோடி ரூபாய் செலவில் ஒரத்துப்பாளையத்தில் அணை எழுந்தது. 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. உயரம் 40 அடி, கொள்ளளவு 616 மில்லியன் கனஅடி. கரூர்ப் பக்கத்தையும் சேர்த்துப் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் என்பது திட்டம்.

திட்டத்தில் தண்ணீர் எவ்வளவு வரும் என்ற கணக்கு இருந்தது. என்ன தண்ணீர் வரும் என்ற கணக்கு இல்லை. அதே எண்பதுகளில்தான் மேற்கே திருப்பூரில் பனியன் தொழில் உள்நாட்டுச் சந்தையை விட்டு ஏற்றுமதிக்குத் தாவியது. வெள்ளை பனியன் போட்ட ஊர் கலர் டி-ஷர்ட் தைக்கத் தொடங்கியது. வெள்ளைக்குச் சலவைப்பட்டறை போதும், கலருக்குச் சாயப்பட்டறை வேண்டும். பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. எல்லாம் நொய்யலையும் அதில் விழும் ஓடைகளையும் ஒட்டியே.

உப்பு எங்கிருந்து வந்தது

நொய்யல் சாயக்கழிவு வழக்கில் பலரும் தவறவிடும் இடம் இது. ஆற்றில் சிவப்பும் நீலமுமாக ஓடியதால் கேடு நிறத்தால் வந்தது என்று நினைக்கிறோம். பயிரையும் கிணற்றையும் கெடுத்தது உப்பு.

பருத்தித் துணி தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை ஏறுகிறது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயமும் அதே தன்மை கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். சாயத்தைத் துணியின் பக்கம் நெருங்க வைக்க உப்பைக் கொட்ட வேண்டும், பிறகு சோடா உப்பு போட்டுப் பிடிக்க வைக்க வேண்டும். அடர்நிறமென்றால் லிட்டருக்கு 60 முதல் 100 கிராம் உப்பு. ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டாலே, அந்த ஒரு கிலோ கறுப்பு டி-ஷர்ட் துணிக்கு அறுநூறு கிராமிலிருந்து ஒரு கிலோ உப்பு. இதில் துணியில் தங்குவது எதுவும் இல்லை. வேலை முடிந்ததும் அத்தனையும் சாக்கடைக்கு வரும்.

தொண்ணூறுகளின் முடிவில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டார்கள். சாயம் திரிந்து சேறாகப் படிந்தது. தண்ணீர் தெளிந்து வந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கரைந்த உப்பு அப்படியே இருந்தது. டிடிஎஸ் எனப்படும் கரைந்த திடப்பொருளின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது மாசுக்கட்டுப்பாட்டு விதி. அந்த நிலையங்களுக்கு அதைக் குறைக்கும் வழியே கிடையாது. அவை கட்டப்பட்டதே பாதிக் கேட்டுக்கு மட்டும்.

அணை இல்லாதிருந்தால் மழை வெள்ளம் இந்த உப்பைக் காவிரிக்கு அடித்துப் போயிருக்கும், கேடு அங்கே போயிருக்கும். அணை இருந்ததால் இங்கேயே நின்றது. வெயிலில் தண்ணீர் ஆவியானது, உப்பு ஆவியாகாது. நின்ற தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியே இறங்கி இருபுறமும் கிணறுகளில் ஊறியது. கிணற்றில் தண்ணீர் மட்டம் ஏறியதைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டவர்கள் உண்டு.

தோட்டத்தில் அது எப்படித் தெரிந்தது? வாய்க்காலின் ஓரத்தில், ஈரம் காயும் கோட்டில், வெள்ளையாக உப்புப் பூத்தது. தென்னை ஓலையின் நுனி கருகியது. மஞ்சளும் வாழையும் நின்ற இடத்தில் நாற்று எழும்பவில்லை. சோடியம் ஏறிய களிமண் பிசைந்த மாவுபோல் ஒட்டிக்கொண்டு, காய்ந்தால் பாறையாகிவிடும். ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே நிற்கும். ஏர் பிடித்தவனுக்குத் தெரியும், அந்த மண்ணை உரம் போட்டுத் திருத்த முடியாது. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் பலமுறை பாய்ந்து கழுவினால்தான் உண்டு, அந்த நல்ல தண்ணீர் எங்கே? மாடு முகம் திருப்பிக்கொண்டு போன தொட்டிகள் இந்தப் பக்கத்து ஊர்களில் நிறைய. குடிநீருக்குக் குழாயையும் வண்டியையும் எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

ஐந்தே ஆண்டு. 1997இல் கடைமடை விவசாயிகள், அணைத் தண்ணீரை எங்கள் வாய்க்காலில் விடாதீர்கள் என்று கேட்கும் நிலை வந்துவிட்டது. தண்ணீர் விடக் கேட்டுச் சண்டை போடுவதே வழக்கமான காவிரிப் படுகையில், வேண்டாம் என்று போராடிய விவசாயிகளை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. பாசனத்துக்குக் கட்டிய அணை, எதையும் தேக்காமல் மதகைத் திறந்தே வைக்கும் அணையானது.

நீதிமன்றப் படி

முதலில் போனவர்கள் கரூர் வட்டத்து நொய்யல் வாய்க்கால் விவசாயிகள், 1996இல். சுத்திகரிப்பு அமைப்பில்லாத பட்டறைகள் இயங்கக்கூடாது என்ற உத்தரவுகள் வந்தன. மேலே சொன்ன பாதிச் சுத்திகரிப்பு அதன் விளைவு. 2003இல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் புதிய வழக்குத் தொடுத்தது. 2006 டிசம்பரில் வந்த தீர்ப்பு கடுமையானது. பட்டறைகள் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் நிலைக்கு 2007 ஜூலைக்குள் வரவேண்டும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை கட்டவேண்டும், அணையைச் சுத்தம் செய்ய 12.5 கோடி தரவேண்டும். பட்டறை உரிமையாளர்கள் மேல்முறையீடு போனார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விவசாயிகள் பக்கமே நின்று, மூன்று மாத அவகாசம் மட்டும் கொடுத்தது. அதற்கும் நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம்.

திருப்பூர் ஒரே நாளில் நின்றது. அங்கே வேலைக்கு வந்திருந்த பல மாவட்டத்து, பல மாநிலத்துத் தொழிலாளிகள் தவித்தார்கள். அந்தத் தவிப்பு உண்மை. நொய்யல் கரைக் குடும்பங்களிலிருந்தே பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம், தோட்டம் கெட்டதால் போனவர்கள் அவர்களில் பலர். விவசாயிக்கும் தொழிலாளிக்கும் பகை என்று இதை எழுதியவர்கள் அந்த வீடுகளுக்குள் போய்ப் பார்க்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் தவணை தவணையாகத் தள்ளிப்போட்டதன் விலையைக் கடைசியில் கூலிக்காரர்கள் கொடுத்தார்கள்.

அதன்பின் மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் பொருத்தப்பட்டன. பிரித்தெடுத்த தண்ணீரும் உப்பும் பட்டறைக்கே திரும்பிப் போகின்றன. செய்யவே முடியாது என்று முன்பு சொன்ன காரியம் செய்யக்கூடியதாகத்தான் இருந்தது, செலவுதான் கூடுதல்.

இழப்பீட்டைப் பற்றி மட்டும் என்னால் ஆறுதலாக எழுத முடியவில்லை. சூழல் இழப்பு ஆணையம் 28,596 விவசாயிகளுக்கு 24.79 கோடி ரூபாய் கணக்கிட்டது. தலைக்குச் சராசரி எட்டாயிரத்து எழுநூறு ரூபாய்கூட இல்லை. அதுவும் 2002 ஆகஸ்டிலிருந்து 2004 டிசம்பர் வரைக்கான கணக்கு. உப்பு அதற்கு முன்னும் இருந்தது, பின்னும் மண்ணைவிட்டுப் போகவில்லை.

இப்போது பாக்கி இருப்பது

ஆற்றின் நிலை முன்னைவிட மேல். கனமழை நாட்களில் வெள்ளத்தோடு சாயத்தண்ணீர் கலந்துவிடுகிறார்கள் என்ற புகார் நிற்கவில்லை, மதகில் நுரை பொங்கும் படங்கள் இப்போதும் வருகின்றன. கோவையும் திருப்பூரும் விடும் ஊர்ச்சாக்கடை இன்னொரு பக்கம்.

செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. அணைக்கு இருபுறமும் உள்ள ஒவ்வொரு ஊரிலும் குறிப்பிட்ட கிணறுகளைத் தேர்ந்து, மழைக்கு முன்னும் பின்னும் உப்பளவு எடுத்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதிப் போடவேண்டும். தன் கிணறு தேறுகிறதா என்று தெரியாமல் எந்தப் பயிரை வைப்பது என்று ஒரு விவசாயி எப்படி முடிவெடுப்பார்? 2004க்குப் பிந்தைய இழப்பு தனியாகக் கணக்கிடப்பட வேண்டும். ஜிப்சம் போட்டு மண்ணைத் திருத்துவதற்கான செலவை அந்த விவசாயிகள் தலையில் கட்டக்கூடாது.

கொடுமணலில், எஞ்சியிருக்கும் கல்வட்டங்களை அளந்து எல்லைக்கல் நட்டு, நிலக்காரர்களுக்கு உரிய விலை கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். நிலத்தை எடுக்காமல் உழாதே என்று மட்டும் சொல்வது, ஏற்கெனவே ஆற்றிடம் தோட்டத்தை இழந்தவர்களிடம் இன்னொரு முறை பிடுங்குவதாகும். அகழ்ந்தெடுத்த ஓடுகளும் மணிகளும் பல ஊர்களின் வைப்பறைகளில் பிரிந்து கிடக்கின்றன. ஒரு சிறு காட்சிக்கூடத்தை ஊரிலேயே வைத்து, அதன் ஒரு சுவரில் நொய்யல் வழக்கின் தேதிகளையும் எழுதினால், இந்தக் கரையில் பிறக்கும் பிள்ளை இரண்டையும் ஒரே இடத்தில் படிக்கும்.